சிறுநீர்ப்பை திறந்த நிலையில் பிறக்கும் குழந்தை: எந்த அறுவை சிகிச்சை, எப்போது?

எக்ஸ்ட்ரோஃபி என்ற சொல்லைப் பெரும்பாலான பெற்றோர் முதன்முதலில் கேட்பது, தங்கள் குழந்தைக்கு அது இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும் நாளில்தான். 30,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் குறை இது. ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அடிவயிற்றுச் சுவர் நடுவில் சேராமல் போக, சிறுநீர்ப்பையின் முன்பக்கமும் மூடாமல் நின்றுவிடுகிறது. ஒரு பையைக் கீறி விரித்து வயிற்றின் மேல் ஒட்டியது போல அதன் உட்சவ்வு சிவந்த தகடாக வெளியே தெரியும். சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களின் வாயும் அந்தத் தகட்டிலேயே இருப்பதால் சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். முன்னால் சேர வேண்டிய இடுப்பெலும்புகள் விலகி நிற்கும். ஆண் குழந்தைக்கு ஆண்குறி குட்டையாகவும் மேற்புறம் பிளந்தும், பெண் குழந்தைக்குக் கிளிட்டோரிஸ் இரண்டாகப் பிரிந்தும் இருக்கும்.

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், குழந்தையின் உயிருக்கு அந்த நிமிடமே ஆபத்து இல்லை. சிறுநீரகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குழந்தை பால் குடிக்கும், தூங்கும், எடை கூடும். ஆகவே யோசிக்க நேரம் இருக்கிறது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் குழந்தைகள் பிற்காலத்தில் சிறுநீரை அடக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில், திறந்த சிறுநீர்ப்பையையும் வயிற்றையும் முதன்முறையாக மூடித் தைக்கும் அறுவை, அதாவது முதல் மூடல், பிரியாமல் நின்றதா என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒரு முறை தையல் பிரிந்துவிட்டால் சிறுநீர்ப்பை வளர்வதற்கான வாய்ப்பு குறைகிறது. இரண்டாம் முறையும் பிரிந்தால் இன்னும் குறைகிறது. எந்த முறை, எந்த நாள், எந்த மருத்துவமனை என்ற கேள்விகள் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கருவிலேயே தெரிந்தால்

சிசுவின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிரம்பிக் காலியாகும். ஒரு ஸ்கேனில் அது தெரியவில்லை என்றால், அப்போதுதான் காலியாகியிருக்கலாம். அதே நாளில் சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முறை. திரும்பத் திரும்பப் பார்த்தும் சிறுநீர்ப்பை இல்லை, ஆனால் இரண்டு சிறுநீரகங்களும் சரியாக இருக்கின்றன, பனிக்குட நீரும் இயல்பான அளவில் இருக்கிறது என்றால் எக்ஸ்ட்ரோஃபியை நினைக்க வேண்டும். சிறுநீரகமே வேலை செய்யாத சிசுவுக்கும் சிறுநீர்ப்பை தெரியாது. ஆனால் அங்கே பனிக்குட நீர் வற்றியிருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்த நீர்தான்.

துணைச் சான்றுகள்: தொப்புள்கொடி வழக்கத்தைவிடத் தாழ்வாகச் சேர்வது, அதற்குக் கீழே வாரங்கள் போகப்போகப் பெரிதாகும் ஒரு புடைப்பு, விலகிய இடுப்பெலும்பு, சிறிய பிறப்புறுப்பு. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் இரண்டு தொப்புள் தமனிகளையும் தேடினால் அவற்றுக்கு நடுவே சிறுநீர்ப்பை இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருக்கும். குடல் வெளியே வந்திருக்கும் மற்ற வயிற்றுச்சுவர்க் குறைகளோடு இதைக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் சிசு எம்ஆர்ஐ உதவும், குறிப்பாக முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டியிருந்தால்.

எக்ஸ்ட்ரோஃபி ஒன்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. முன்கூட்டியே தெரிவதன் பெரிய பயன், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க முடிவதுதான்.

பிறந்த உடனே செய்ய வேண்டியவை

தொப்புள்கொடிக்கு வழக்கமான பிளாஸ்டிக் கிளிப் போடக் கூடாது. அதன் கடினமான விளிம்பு, குழந்தை அசையும்போதெல்லாம் கீழேயிருக்கும் சவ்வில் உரசிப் புண்ணாக்கும். பட்டு நூலால் கட்டினால் போதும். சவ்வின் மேல் காஸ் துணி, பஞ்சு, வாசலின் தடவிய துணி எதுவும் வைக்க வேண்டாம். ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது சவ்வை உரித்துவிடும். ஒட்டாத மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைத் தகட்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி மேலே படுக்க வைத்து, அதன் மேல் டயாப்பர் கட்டலாம். ஒவ்வொரு முறை டயாப்பர் மாற்றும்போதும் தாளை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான, கிருமி நீக்கிய உப்புநீரை (சலைன்) மெதுவாக ஊற்றிச் சளியைக் கழுவி, புதுத் தாள் போட வேண்டும். துடைக்கக் கூடாது. இந்த வேலையைத் தாய் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடலாம்; அது தெரிந்தால் அவசரம் பாதி குறைந்துவிடும்.

இந்தக் குழந்தைகளுக்குப் பல அறுவைகள் நடப்பதால் ரப்பர் கையுறை, ரப்பர் குழாய் ஆகியவற்றால் லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். முதல் நாளிலிருந்தே லேடெக்ஸ் இல்லாத பொருள்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிறுநீரக ஸ்கேன், இடுப்பு எக்ஸ்ரே இரண்டும் அவசியம். ஆண் குழந்தைகளுக்குத் தொடையிடுக்கில் குடலிறக்கம் இருப்பது மிகச் சாதாரணம். முதல் அறுவையிலேயே அதையும் சரிசெய்யாவிட்டால், சில வாரங்களில் குடல் சிக்கிக்கொண்டு மறுபடி அவசர அறுவைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

72 மணி நேரத்துக்குள்ளா, சில மாதம் பொறுத்தா?

முதல் 2, 3 நாள்களில் மூடுவதற்கான காரணம் தாயின் உடலில் இருந்து வந்த ரிலாக்ஸின் ஹார்மோன். அதன் தயவில் குழந்தையின் இடுப்பு மூட்டுகள் இளகியிருக்கும். மயக்க மருந்து கொடுத்த பிறகு, அறுவை மருத்துவர் குழந்தையின் இரண்டு இடுப்பையும் பக்கவாட்டில் உள்ளங்கையால் பிடித்து உட்புறமாகத் திருப்பிப் பார்ப்பார். விலகிய எலும்புகள் இழுப்பில்லாமல் நடுவில் வந்து தொட்டால் எலும்பை வெட்டாமலே மூடலாம். இடைவெளி 4 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இதற்கு வாய்ப்பு உண்டு. சவ்வு வெளியே காய்ந்து தடிப்பதும் தவிர்க்கப்படும்.

பொறுப்பதற்கான காரணங்களும் வலுவானவை. குறைமாதக் குழந்தை, இதயக் குறை உள்ள குழந்தை, எடை குறைந்த குழந்தைக்குப் பல மணி நேர மயக்கம் கூடுதல் ஆபத்து. தகடு 3 செ.மீ.க்கும் சிறிதாக, விரலால் அழுத்தினால் உள்ளே குழியாமல் விறைப்பாக இருந்தால், இப்போது மூடினாலும் பை ஆகாது. வளர விட்டுப் பார்ப்பதே நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது குழு. குழந்தை சிறுநீரியல் மருத்துவர், எலும்பு மருத்துவர், குழந்தைகளுக்கு எபிடியூரல் (முதுகுத்தண்டருகே வைத்த மெல்லிய குழாய் வழியே வலி மருந்து) கொடுத்துப் பழகிய மயக்கவியலாளர், கட்டுப்போட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த செவிலியர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒன்றாகக் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் பாஸ்டன், பிலடெல்பியா, விஸ்கான்சின் குழந்தைகள் மருத்துவமனைகள் 2013இல் ஒன்று சேர்ந்து, ஒவ்வொரு அறுவையையும் கூடிச் செய்து கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, முதல் நாள்களில் அவசரமாகச் செய்வதை விட்டுவிட்டு, 1 முதல் 3 மாத வயதில் எலும்பையும் வெட்டிச் சேர்த்து மூடும் வழக்கத்துக்கு வந்தன.

எங்கள் கருத்து இது: பழகிய குழு அதே மருத்துவமனையில் இருந்து, எலும்பும் இளகிக் கொடுத்தால், 72 மணி நேரத்துக்குள் மூடுவது நல்லது. இல்லையென்றால் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போய், பால் கொடுத்து, பிளாஸ்டிக் தாள் மாற்றி வளர்த்து, 2 மாதம் கழித்துத் தக்க இடத்துக்குப் போவது மேல். தகுதியில்லாத இடத்தில் மூன்றாம் நாளில் செய்த மூடலைவிட, தகுதியான இடத்தில் மூன்றாம் மாதத்தில் செய்தது நின்று காட்டும்.

எலும்பை வெட்டுவது, அசையாமல் வைப்பது

72 மணி நேரம் தாண்டிவிட்டால், அல்லது இடைவெளி 4 செ.மீ.க்கு மேல் இருந்தால், இடுப்பெலும்பை இருபுறமும் வெட்டித் திருப்பிச் சேர்ப்பதே பாதுகாப்பு. 'சின்னக் குழந்தைக்கு எலும்பை வெட்டுவதா' என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் வெட்டாமல் இழுத்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். விலகிய எலும்புகள் வில்போலத் திரும்பத் தங்கள் இடத்துக்குப் போக முயலும். அந்த இழுவை முழுவதும் வயிற்றுத் தையலின் மேல் விழும். முதல் வாரம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். இரண்டாம் வாரம் தையலின் கீழ்முனை சிவந்து, ஈரமாகி, வாய் திறக்கும்.

எலும்பு வெட்டியதில் வரும் தொல்லைகள்: எலும்பை நிறுத்தச் செருகிய கம்பி நுழைந்த இடத்தில் சீழ், தொடை நரம்பு சில வாரம் வலுவிழப்பது, எலும்பு கூடத் தாமதமாவது. பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூடல் பிரிவதற்கு அறுவையின் நுணுக்கத்தைவிட அதற்குப் பின் வரும் 4 வாரமே அடிக்கடி காரணமாகிறது. கால்கள் இரண்டும் சேர்ந்து, அசையாமல் இருக்க வேண்டும். டிராக்ஷனில், அதாவது எடை கட்டி இழுத்த நிலையில், கால்களைத் தொங்கவிடுவது ஒரு வழி. வெட்டிய எலும்பில் கம்பி செருகி வெளியே சட்டம் பொருத்துவது இன்னொன்று. மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு மூன்றாவது. டிராக்ஷனில் காயத்தைத் தினமும் பார்க்க முடியும், ஆனால் 4 வாரமும் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். மாவுக்கட்டில் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உள்ளே ஈரம் தங்கித் தோல் புண்ணானால் வெளியே தெரியாது. வளர்ந்த குழந்தைக்குச் சட்டம் 6 வாரம்கூட இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும், அந்த மருத்துவமனை வருடக்கணக்கில் எதைச் செய்து பழகியதோ அதையே செய்யச் சொல்லுங்கள்.

அழுகை, வயிற்று உப்புசம், இருமல் மூன்றும் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றித் தையலை இழுக்கும். அதனால்தான் எபிடியூரல் மூலம் சில நாள் தொடர்ந்து வலி மருந்து கொடுப்பது இங்கே சிகிச்சையின் பகுதி, சலுகை அல்ல. சிறுநீரகக் குழாய்களில் வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் 10 முதல் 14 நாளும், தொப்புளுக்குக் கீழே வயிற்று வழியாகப் பையில் வைத்த குழாய் 4 வாரமும் இருக்கும். குழாய் அடைத்துக்கொண்டாலோ நழுவினாலோ பை நிரம்பித் தையல் மேல் அழுத்தும். எத்தனை மில்லி வந்தது என்று மணிக்கணக்கில் எழுதி வைப்பது அதற்காகத்தான். 4 வாரம் முடிந்ததும் உடனே பிடுங்கிவிடக் கூடாது. சில மணி நேரம் குழாயை மூடி வைத்து, சிறுநீர் கீழ்வழியே வருகிறதா, பையில் எவ்வளவு தங்குகிறது, சிறுநீரகம் வீங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மூடிய பிறகு ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி மேலே திரும்பிப் போகும். கிருமித் தொற்றைத் தடுக்கக் குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் தினமும் தொடர வேண்டும். விட்டுவிட்டால், நல்ல நிலையில் பிறந்த சிறுநீரகம் தழும்பாகிவிடலாம்.

படிப்படியாகவா, ஒரே தடவையிலா?

படிநிலை முறையில் முதலில் சிறுநீர்ப்பை, வயிறு, இடுப்பு மூன்றும் மூடப்படும். ஆண் குழந்தைக்கு 6 முதல் 12 மாதத்தில் ஆண்குறி சீரமைப்பு. 4, 5 வயதுக்கு மேல், பையின் கொள்ளளவு 100 மி.லி.யை நெருங்கி, குழந்தையும் 'எனக்கு டயாப்பர் வேண்டாம்' என்று தானே விரும்பும்போது, சிறுநீர்ப்பைக் கழுத்தை இறுக்கும் அறுவை. ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கலாம் என்பதே இதன் பலம். குறை, குழந்தைப் பருவம் முழுக்க அறுவைக் கூடத்துக்கு நடப்பது.

அமெரிக்கக் குழந்தைச் சிறுநீரியல் மருத்துவர் மைக்கேல் மிட்செல் உருவாக்கிய முழுமை மூடலில் இவை பெரும்பாலும் ஒரே தடவையில் நடக்கும். ஆண்குறியின் மூன்று தண்டுகளையும் பிரித்து, சிறுநீர்ப்பையையும் அதன் கழுத்தையும் இடுப்புக்குள் ஆழத்தில் இறக்கி வைப்பார்கள். பை ஆரம்பத்திலிருந்தே நிரம்பிக் காலியாகிப் பழகும் என்பது இதன் தத்துவம். ஆனால் தண்டுகளைப் பிரிக்கும்போது ரத்த ஓட்டம் தடைபட்டால் ஆண்குறியின் முனையோ ஒரு பக்கமோ இழக்கப்படலாம். அது திரும்பி வராத இழப்பு. பல ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துளை குறியின் அடிப்பக்கம் வந்து நின்று, பிறகு இன்னொரு அறுவை கேட்கும். 'ஒரே அறுவை' என்று கேட்டு நம்பிப் போகாதீர்கள். பலருக்குக் கழுத்தை இறுக்கும் அறுவை பிறகும் தேவைப்படுகிறது.

மெல்போர்னில் அறுவை மருத்துவர் ஜஸ்டின் கெல்லி வகுத்த முறை வேறு பாதை. எலும்பை வெட்டாமல், இடுப்புத் தளத் தசைகளை எலும்பிலிருந்து உரித்தெடுத்து நடுவில் கொண்டுவந்து, சிறுநீர்ப் பாதையைச் சுற்றிப் போர்த்துவார்கள். தசையே இறுக்கிப் பிடிக்கும் என்ற எண்ணம். பிறப்புறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயும் நரம்பும் அந்தத் தசையோடு ஒட்டியே வருவதால், செய்து பழகிய கைக்கு வெளியே இது ஆபத்தான வேலை.

பெண் குழந்தைக்கு இந்தத் தேர்வு அவ்வளவு கடினமில்லை. சிறுநீர்ப் பாதையையும் முதல் மூடலோடு சேர்த்தே சீரமைப்பது எளிது.

இந்த மூன்றில் எது சிறந்தது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு: வருடத்துக்கு எத்தனை முதல் மூடல் செய்கிறீர்கள்? அவற்றில் எத்தனை பிரிந்தன? உங்களிடம் மூடிய எத்தனை பிள்ளைகள் இப்போது பகலில் 3 மணி நேரம் நனையாமல் இருக்கிறார்கள்? அதில் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

பள்ளி வயதில் வரும் இரண்டாவது தீர்மானம்

கழுத்தை இறுக்கும் அறுவை வெற்றி பெற்றால் குழந்தை இயல்பான வழியாகவே சிறுநீர் கழிக்கும். அதைவிட நல்லது எதுவும் இல்லை. பலன் உடனே தெரியாது. பகல் முதலில், இரவு அதற்குப் பல மாதம் கழித்து. கொள்ளளவு போதாத பையில் இதைச் செய்தால் வாசல் மட்டும் இறுகி, உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீரகம் வீங்கும். 6 வயதுக் குழந்தைக்கு எதிர்பார்க்கும் கொள்ளளவு, வயதோடு 2 கூட்டி 30ஆல் பெருக்கினால், 240 மி.லி. அந்த வயதிலும் 50 மி.லி.யில் நிற்கும் பைக்கு இது மருந்தாகாது.

அப்படிப்பட்ட குழந்தைக்குச் சிறுகுடலின் ஒரு துண்டை வைத்துப் பையைப் பெரிதாக்கி, குடல்வாலைக் கொண்டு தொப்புளுக்கு ஒரு சிறு வழி அமைப்பார்கள். 1980இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் மிட்ரோஃபனோஃப் விவரித்த வழி இது. அதன் மூலம் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 10 அல்லது 12 அளவுக் கதீட்டரை விட்டுச் சிறுநீரை வடிக்க வேண்டும். நனையாமல் இருப்பதற்கு இதைவிட உறுதியான வழி குறைவு. பதிலுக்கு வாழ்நாள் முழுக்கக் கடமை உண்டு.

குடல் எங்கே வைத்தாலும் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சளி தங்கினால் கல்லாகும், கிருமி வளரும். தினமும் ஒரு முறை கதீட்டர் வழியே 50 மி.லி. சிரிஞ்சில் சலைனை உள்ளே தள்ளி, அதையே திரும்ப உறிஞ்சி, வெள்ளைத் திரள்கள் வருவது நின்று நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சிலருக்கு 3 சிரிஞ்சில் தெளியும், சிலருக்கு 6 ஆகும். ரத்தத்தில் அமிலம் கூடுகிறதா என்று வருடந்தோறும் பைகார்பனேட் பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் எலும்பு வளர்ச்சி குன்றும். சில வருடங்களுக்குப் பிறகு பி12 அளவும். மிக முக்கியமானது ஒன்று: குடல் சேர்த்த பை உள்ள பிள்ளைக்குத் திடீரென்று வயிறு உப்பி, வலித்து, காய்ச்சலும் வாந்தியும் வந்தால், பை கிழிந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வயிற்றுக் கோளாறு என்று அவசரப் பிரிவில் திருப்பி அனுப்பிய பிறகு உயிர் போவது இப்படித்தான்.

மூன்றாவது வழி பழையது. சிறுநீரகக் குழாய்களைப் பெருங்குடலோடு சேர்த்துவிட்டால், சிறுநீரும் மலத்தோடு ஆசனவாய் வழியே வரும். கதீட்டர், சிரிஞ்ச் எதுவும் வேண்டாம். அவை தொடர்ந்து கிடைக்காத இடத்தில் வாழும் குடும்பத்துக்கு இது இன்றும் கணக்கில் எடுக்கத் தக்க வழி. ஆனால் ஆசனவாய் தண்ணீரை அடக்கும் வலுவோடு இருக்க வேண்டும். அறுவைக்கு முன் எனிமா கொடுத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சோதிக்காமல் இறங்கக் கூடாது. சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருந்தால் வேண்டாம். மலக்கிருமி மேலே ஏறும், ரத்தத்தில் அமிலம் கூடும், சேர்த்த இடத்தில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. 10 வருடத்துக்குப் பிறகு வருடந்தோறும் கொலோனோஸ்கோப்பி செய்ய முடியாதவர்கள் இதைத் தேர்வதைப் பற்றி மிக யோசிக்க வேண்டும்.

குளோவாகல் எக்ஸ்ட்ரோஃபி

இது எக்ஸ்ட்ரோஃபியின் இன்னும் கடுமையான வகை; 2 முதல் 4 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று. சிறுநீர்ப்பை இரண்டாகப் பிரிந்து நடுவில் குடல் திறந்திருக்கும், ஆசனவாய் இருக்காது, முதுகுத்தண்டுக் குறையும் பெரும்பாலும் கூடவே வரும். இங்கே வரிசை மாறுகிறது. குடலைப் பிரித்தெடுத்து மலம் போக வழி செய்வதும், தொப்புள் வழியே வயிற்று உறுப்புகள் வெளியே பிதுங்கியிருந்தால் அதை மூடுவதும் முதலில். சிறுநீர்ப்பை அதன் பிறகு, அவசரமில்லாமல். குடலின் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் காப்பாற்ற வேண்டும். பெருங்குடலோடு சிறுநீரைச் சேர்க்கும் வழி இவர்களுக்குப் பொருந்தாது.

ஏற்கெனவே பிரிந்துவிட்டால்

இதைப் படிப்பவர்களில் சிலர் அந்த நிலையில்தான் இருப்பீர்கள். பிரிந்த வாரமே திரும்பத் தைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வீங்கிய, கிருமி தங்கிய திசுவில் போட்ட தையல் நிற்காது. 4 முதல் 6 மாதம் பொறுத்து, காயம் ஆறி, சவ்வு இளகிய பிறகு, இந்த முறை கட்டாயம் எலும்பையும் வெட்டிச் சேர்த்து மூட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் மறுபடி அதே பிளாஸ்டிக் தாளும் சலைனும்தான். 3 மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரக ஸ்கேன்.

முன்பு செய்த அறுவையின் முழுக் குறிப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். எலும்பு வெட்டப்பட்டதா, எந்த இடத்தில், எப்படி அசையாமல் வைத்தார்கள், குழாய்கள் எந்த நாளில் எடுக்கப்பட்டன, எந்த நாளில் பிரியத் தொடங்கியது என்று அதில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் குடல் சேர்த்தால் எந்தக் குடல், எத்தனை செ.மீ., கதீட்டர் அளவு என்ன, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பைகார்பனேட் கடைசியாக எவ்வளவு என்பவையும் அதே கோப்பில் சேரட்டும். பெண் குழந்தையாக இருந்தால், 20 வருடம் கழித்து அவள் கர்ப்பமாகும்போது, வழக்கமான சிசேரியன் கீறலின் பாதையில் குடல்வால் வழி கிடப்பதை மகப்பேறு மருத்துவர் கத்தியை எடுக்கும் முன் தெரிந்துகொள்வது அந்தக் கோப்பிலிருந்துதான்.